காக்கா எட்டாத கழனி

நம்பாதவங்க நம்ப வேணாம், அதுக்காக நாங்க யார் கால்லயும் விழப் போறதில்லை. கோலார் சீமையில ரெண்டாயிரம் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, இரும்புக் கூண்டுல ஆளை இறக்கி, வண்டி வண்டியா கல்லை மேல ஏத்தி, அதை மாவா இடிச்சு, அந்த மாவுலேர்ந்து ஒரு குன்றிமணி தங்கம் எடுத்து, அதைக் கப்பலேத்தி லண்டனுக்கு அனுப்பி, அங்க எவளோ ஒரு சீமாட்டி அதைக் காதுல மாட்டிக்கிட்டான்னு சொன்னா ஊர்ல எல்லாரும் தலையை ஆட்டுறாங்க. அதே குழிக்குள்ள ஒரு கழனி வந்துச்சுன்னு சொன்னா மட்டும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். கழனி வந்துச்சு. ஏன் வந்துச்சுன்னு எங்களைக் கேக்காதீங்க. நாங்க ஆற்காட்டுச் சீமையை விட்டுட்டு ஏன் இங்க வந்தோம்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல.

எங்க லைன்ல, அதாவது கம்பெனி எங்களுக்குன்னு மூங்கில் தட்டி வெச்சுத் தகரம் போட்டுக் குடுத்த குடிசை வரிசையில, சிங்காரம்னு ஒருத்தன் இருந்தான். பாறையில துளை போட்டு, மருந்து திணிச்சு, வெடி வைக்கிறது அவன் வேலை. ஒரு நாள் காலை ஷிப்டுல வெடி வெச்சுப் புகை அடங்கினதும், அவனும் கூட்டாளி சுப்பன்னாவும் விளக்கைத் தூக்கிக்கிட்டு உள்ள போனா, கல்லு சரிஞ்சு கிடக்க வேண்டிய எடத்துல சேறு இருந்துச்சு. சேத்துக்கு மேல கணுக்கால் அளவு தண்ணி, தண்ணிக்கு ஓரமா வரப்பு, வரப்புல நண்டு வளை, ஒரு மூலையில பச்சைப் பசேல்னு நாத்தங்கால், நாத்தங்காலுக்குப் பக்கத்துல ஒத்தைக் கால்ல ஒரு கொக்கு, அது இவங்க ரெண்டு பேரையும் ஏன் இவ்ளோ நேரம்னு கேக்குற மாதிரி பாத்துச்சு. அண்ணாந்து பாத்தா பாறைதான், ஆனா கழனி மேல மட்டும் நல்ல வெயில். கழனி வந்தா கூடவே வெயிலும் வரத்தானே செய்யும், கழனியை அனுப்பிட்டு வெயில் மட்டும் ஊர்ல உக்காந்து என்ன பண்ணப் போகுது? சிங்காரம் செருப்பைக் கழட்டி வரப்புக்கு வெளியில விட்டான். பகல்ல எண்ணெய் வீணாகுதேன்னு விளக்கை ஊதி அணைச்சான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பொண்டாட்டி கெங்கம்மாகிட்ட சொன்னான். அவ கேழ்வரகுக் களி கிண்டிக்கிட்டிருந்தா.

"ஏம்மே, கீழ ஒரு கழனி வந்துகீது."

கெங்கம்மா துடுப்பை நிறுத்தல. "எம்மாம் பெருசு?"

"அரைக்காணி இருக்கும்."

"வரப்பு நேரா போவுதா, வளைஞ்சு போவுதா?"

"ஒரு எடத்துல வளைஞ்சு போவுது. அங்க ஒரு பாம்புப் புத்து கீது."

துடுப்பு நின்னுடுச்சு. களி அடி பிடிச்சுத் தீஞ்ச வாடை லைன் பூரா வர்ற வரைக்கும் அவ அசையல. அப்புறம்தான், "அது எங்கம்மா கழனிய்யா"ன்னா.

அந்தப் புத்துக் கழனி அவ அம்மா காத்தாயி உண்டாக்கினது. கரம்பா கிடந்த மேட்டைக் கொத்தி, கல்லு பொறுக்கி, ஏரி வண்டலைத் தலையில சுமந்து கொட்டி, ஓரமா இருந்த புத்தை இடிக்க மனசில்லாம வரப்பை வளைச்சுப் போட்டு உண்டாக்கினா. அப்புறம் மழை பொய்ச்சுது. வானம் பொய்ச்சாலும் தீர்வை பொய்க்கல, வெள்ளைக்காரன் சர்க்கார் விளைஞ்சாலும் கேக்கும், விளையலைன்னாலும் கேக்கும். தீர்வை கட்டலைன்னு கழனியை ஏலம் போட்டாங்க, கணக்கப்பிள்ளை மச்சான் எடுத்துக்கிட்டான். அந்தப் பஞ்சத்துலதான் ஊர்ல மிச்சம் இருந்த நெல்லையும் மூட்டை கட்டி ரயிலேத்தி மெட்ராசுக்கும், அங்கேர்ந்து கப்பலேத்திச் சீமைக்கும் அனுப்பினாங்க, அங்க விலை நல்லா இருந்துச்சாம். நெல்லு கிழக்க போன அதே தண்டவாளத்துல மேஸ்திரிங்க வந்து, சுரங்கத்துக்கு ஆள் வேணும்னு சொல்லி ஜனங்களை மேற்க கூட்டிக்கிட்டுப் போனாங்க. ரயில் எந்தப் பக்கம் போனாலும் நிறைஞ்சுதான் போச்சு.

காத்தாயிக்கு நடந்து நடந்து எடது கால் வீங்கிப் போச்சு. நொண்டிக்கிட்டே மகளைக் கையில பிடிச்சுக்கிட்டு, சர்க்கார் கஞ்சி ஊத்துற தொட்டி வரிசையில போய் நின்னா. முந்தானையில விதை நெல்லு முடிஞ்சு வெச்சிருந்தா. அதை இடிச்சு ஒரு வாய் கஞ்சி வெச்சுக்குடி, உசுரு இருந்தா விதை தேடிக்கலாம்னு பக்கத்துல நின்னவங்க சொன்னாங்க. "வெதையைத் துன்னுட்டு எதைடி வெதைக்கிறது?"ன்னு அவங்களைக் கேட்டா. மக பக்கம் திரும்பி, "புத்துக் கழனி நெல்லு அறுத்தாத்தான் எனக்குச் சோறு"ன்னா. வரிசை நகர்றதுக்குள்ள செத்துப் போனா. முந்தானை முடிச்சோட குழியில போட்டு மூடிட்டாங்க. சின்னப் பொண்ணா இருந்த கெங்கம்மாவை ஒரு மேஸ்திரி ரயிலேத்தினான். அந்த விதைதான் மண்ணுக்கடியிலயே நடந்து மகளைத் தேடி வந்துச்சுன்னு லைன்ல சிலர் சொன்னாங்க. இருக்கலாம். மேல நடக்க வழி விடலைன்னா கீழ நடந்துதான் வரணும்.

செத்தவங்களுக்கு அமாவாசைக்கு அமாவாசை சோறு படைச்சு, காக்காவைக் கூப்பிட்டு வைக்கிறது எங்க வழக்கம். காக்கா துன்னா செத்தவங்க துன்ன மாதிரி. கெங்கம்மா வீட்டுத் தகரத்துக்கு ஒரு காக்கா வரும். எடது காலைத் தூக்கிக்கிட்டு, தத்தித் தத்தி வரும். அவ வெச்ச சோத்தைத் தலையைச் சாய்ச்சுப் பாக்கும், அவ மூஞ்சியையும் பாக்கும், தொடாம போயிடும். கேழ்வரகுக் களி வெச்சாலும் சரி, கடன் வாங்கிக் கறிச்சோறு வெச்சாலும் சரி, தொட்டதே இல்லை. பக்கத்து வீட்டுல வெச்சா மத்த காக்காங்க அடிச்சுக்கிட்டுத் துன்னும், இது அங்கயும் தொடாது. கெங்கம்மா அதுகிட்ட சண்டை போடுவா. "உனுக்கு ராங்கிடி, செத்தும் ராங்கி போவல"ன்னு கத்துவா, கத்திட்டு அந்தச் சோத்தைத் தானும் துன்னாம நாய்க்குப் போடுவா. அதனால கழனி வந்த அன்னைக்கே எங்களுக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு, அது விளையணும், அறுக்கணும், அந்தச் சோறு அந்தக் காக்கா வாய்க்குப் போகணும்.

மொதல்ல ஆம்பளைங்களே நடவு நட்டாங்க. நாங்க என்ன நண்டு பிடிக்கவா போறோம், நாலு நாத்தை ஊன முடியாதான்னு வீறாப்பு. மறுநாள் போய்ப் பாத்தா நாத்து பூரா தண்ணியில மிதக்குது, கொக்கு அது மேல நடந்து போகுது. நடவு பொம்பளைங்க கைவேலை, கட்டைவிரலால சேத்தை அழுத்தி மூடுற பக்குவம் ஆம்பளைக்குப் பொறந்ததுலேர்ந்தே வராது. கல்லைப் பொளக்குற கை நாத்தையும் கல்லு மாதிரியே பிடிச்சிருக்கு. ஆனா பொம்பளைங்க குழியில இறங்கக் கூடாதுன்னு கம்பெனி சட்டம், அவங்களுக்கெல்லாம் மேல கல்லு பொறுக்குற வேலைதான். ஷிப்டு மேஸ்திரி ஆசீர்வாதம் மோவாயைச் சொறிஞ்சுக்கிட்டு யோசிச்சாரு. மேல ஏத்துற கல்லு குறையாத வரைக்கும் துரைங்க அந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும், வேற மூலையில உடைச்சு அதைச் சரிக்கட்டிடலாம். "தலப்பா கட்டிக் கோட்டு மாட்டினா எவன் ஆம்பளை எவ பொம்பளைன்னு கூண்டுக்குத் தெரியவா போவுது?"ன்னாரு. அப்படித்தான் எங்க பொம்பளைங்க புருஷன்மார் கோட்டை மாட்டிக்கிட்டு இறங்கினாங்க. சிலருக்கு அந்தக் கோட்டு புருஷனை விட எடுப்பா இருந்துச்சு.

இறங்குறது பெருசில்லை, ஏறி வர்றதுதான் பெருசு. குழியிலேர்ந்து வெளிய வர்ற ஒவ்வொருத்தனையும் கேட்டுல நிறுத்தி, தலைமயிரை அவுத்து, கோவணத்தை உதறி, வாயைத் தொறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில விரலை விட்டுத் தங்கம் இருக்கான்னு பாப்பாங்க. முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தா விளக்கெண்ணெய் குடுத்து உக்கார வெச்சுக் காத்துக்கிட்டிருப்பாங்க. குழியிலேர்ந்து எது மேல வந்தாலும் அது கம்பெனி சொத்து. கேட்டுல நின்னவர் பரசுராமன், அவரும் ஆற்காட்டுக்காரர்தான். வாய்க்குள்ளயே பாத்துப் பாத்து அவருக்கு மூஞ்சியைப் பாத்தா பேர் ஞாபகம் வராது, பல்லைப் பாத்தா வந்துடும். நடவு முடிச்சு வந்த கெங்கம்மா வாயைத் தொறந்ததும், இது இந்தக் கேட்டுல பாக்காத பல்லாச்சேன்னு அவருக்குப் புரிஞ்சு போச்சு. மத்ததை எதையும் சோதிக்காம வானத்தைப் பாத்தாரு.

"இதோ பாரும்மா, ஆள் போவட்டும் வரட்டும், நான் பாக்கல. ஒரு நெல்லு இந்தக் கேட்டைத் தாண்டினா என் சோத்துல மண்ணு. எனக்கும் பொட்டப் புள்ளைங்க கீதுங்க."

"சரி நைனா"ன்னா கெங்கம்மா.

கெங்கம்மா மொத தடவை அந்தக் கழனியில கால் வெச்சதை கூடப் போன பொம்பளைங்க இன்னும் சொல்லிச் சொல்லி ஆறுவாங்க. அவ கும்பிடல, மண்ணை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கல. இடுப்புல கையை வெச்சுக்கிட்டு அந்தக் கழனியைத் திட்ட ஆரம்பிச்சா. "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உனுக்கு? உன்னை ஏலம் போட்டப்போ எவன் கூடவோ பேசாம போனியே, எங்கம்மா கஞ்சிக்கு நின்னு செத்தாளே, அப்ப எங்கடி போயிருந்த? வந்துட்டா பெரிய இவளாட்டம்!" திட்டிக்கிட்டே குனிஞ்சா, திட்டிக்கிட்டே நாத்து முடியைப் பிரிச்சா, அழுதுக்கிட்டே நட்டா. அவ நட்டது ஒண்ணுகூட மிதக்கல.

அப்புறம் எங்களுக்கு அது பழகிப் போச்சு, எதுதான் பழகாது. மதியக் கஞ்சியை எல்லாரும் வரப்புல உக்காந்து குடிச்சாங்க. இருட்டுலயே இருந்து வெளுத்துப் போன ஆளுங்களுக்கு முதுகுல வெயில் பட்டு மறுபடியும் மனுஷக் கலர் வந்துச்சு. ஊர்ல மழை பெஞ்சா கீழயும் தூறல் போடும், தண்ணி இறைக்கிற பம்புக்காரன் மட்டும் முணுமுணுத்துக்கிட்டே இருந்தான். சிங்காரத்தோட பொண்ணுக்கு வரன் மேல வரன் வந்துச்சு, நெலம் வெச்சிருக்குற குடும்பமாச்சே. நெலம் எங்கன்னு கேட்ட ஒரு தரகன்கிட்ட, "குழி வாசல்ல நின்னு நேரா கீழ பாரு"ன்னு கெங்கம்மா சொன்னா. சித்தூர்க்காரன் சுப்பன்னா மட்டும் ஓய்வு கிடைக்கிறப்போ எல்லாம் பாறையில காதை வெச்சுக் கேட்டுக்கிட்டிருந்தான். அவனுக்கும் ஒரு வேர்க்கடலைக் காடு இருந்துச்சு, அதுவும் இப்படித்தான் போச்சு. எதுனா கேக்குதாடான்னு கேட்டா, இன்னும் இல்லம்மான்னு சிரிப்பான், மறுபடியும் காதை வெப்பான். ஊர்ல புத்துக் கழனி இருந்த எடத்துல அதே அளவுக்கு ஒரு பள்ளம்தான் இருக்குன்னும், ஏலத்துல எடுத்த கணக்கப்பிள்ளை மச்சான் அந்தப் பள்ளத்துக்குத் தவறாம தீர்வை கட்டிக்கிட்டு வர்றான்னும் அங்கேர்ந்து வந்தவங்க சொன்னாங்க. அதைக் கேட்டு நாங்க சந்தோஷப்பட்டோம், பொய் சொல்லக் கூடாது.

கதிர் முத்தித் தலை சாஞ்ச சமயத்துலதான் சிங்காரம் அந்தக் காரியத்தைப் பண்ணினான். அவன் கெட்டவன் இல்லை, சூதுவாது தெரியாதவன். ஆனா அவன் அப்பன், அப்பனுக்கு அப்பன், எல்லாரும் விளைஞ்ச மொத கதிர்க்கட்டைத் தலையில வெச்சுக்கிட்டுப் பெரிய வீட்டு வாசல்ல போய் நின்னவங்க. ஊர்ல யார் கையில கோல் இருக்கோ அவங்களுக்குத்தான் மொத கட்டு, அவங்க தொட்டு எடுத்துக்கிட்டப்புறம்தான் மத்தவன் அரிவாளை எடுக்கணும். இவனுக்குக் கதிரைப் பாத்ததும் என்ன ஆச்சோ, ஒரு கட்டு அறுத்தான், அன்னைக்குக் கேட்டுல நின்ன பரசுராமன்கிட்ட "தொரைக்கு"ன்னு சொன்னான், நேரா சுரங்கத்துக்கே பெரியவரான கண்ணாடி துரை பங்களாவுக்குப் போய்ப் படியில வெச்சுக் கும்பிட்டுட்டு வந்தான். துரை மூக்குக் கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு அந்தக் கட்டை எடுத்து மோந்து பாத்தாராம்.

கெங்கம்மாவுக்குச் சேதி வந்தப்போ அவ குழாயடியில நின்னுக்கிட்டிருந்தா. குடத்தை அங்கயே போட்டுட்டு ஓடி வந்தா.

"யாரைய்யா கேட்டுக் குடுத்த?"

"குடுக்கணும்னு நெனைக்கல கெங்கா. கதிரைப் பாத்ததும் கால் தானா நடந்துட்ச்சு."

"தானா நடந்துச்சா? உங்கப்பன் குடுத்தான், அவங்கப்பன் குடுத்தான், குடுத்துக் குடுத்துத்தான்யா நாம இந்தப் பொந்துல வந்து கீறோம்! மொத கட்டை வாங்கினவன் நெலத்துக்காரன். குடுத்தவன் கூலிக்காரன். இனிமே அது எங்கம்மா கழனி இல்ல, போ!"

அவ சொன்ன மாதிரியே ஆச்சு. துரை அடுத்த நாளே கீழ இறங்கினாரு. கழனியைப் பாத்தவர் ஆச்சரியப்பட்டிருப்பார்னு நெனைச்சீங்கன்னா உங்களுக்கு துரைங்களைத் தெரியாது. அனுமதி இல்லாம சுரங்கத்துக்குள்ள கழனி கொண்டு வந்த குத்தத்துக்காக சிங்காரத்துக்கு ஒரு வாரச் சம்பளம் பிடிக்கணும்னாரு. ரெண்டாயிரம் அடிக்குக் கீழ விளைஞ்ச இந்திய நெல்லை லண்டன் கண்காட்சியில கண்ணாடிச் சாடியில வெக்கணும், அதனால ஒரு மணி சிந்தாம அறுத்து மூட்டை கட்டணும்னாரு. கழனிக்கு நேர் கீழ தங்கத்து ரேகை ஓடுறதால சனிக்கிழமை சாயங்காலம் மொத்தத்தையும் வெடி வெச்சுத் தூக்கிடணும்னாரு. மூணையும் ஆசீர்வாதம் மேஸ்திரி தமிழ்ல சொன்னாரு. சொல்லி முடிச்சதும் தொப்பியைக் கழட்டி, அதுக்குள்ளயே பாத்துக்கிட்டு நின்னாரு.

வெள்ளிக்கிழமை வெள்ளைக்காரச் சூப்பர்வைசர் நின்னுக்கிட்டு இருக்கும்போதே கழனி அறுபட்டுச்சு, மூட்டையாச்சு, மேல போச்சு. கெங்கம்மா அன்னைக்கு அடுப்பு மூட்டல. எங்கள்ல சிலர் ஆறுதல் சொல்லப் போனோம். கீழயே ஒரு கொக்கு இருக்கே, அதுக்கு ஒரு பிடி வெச்சிருந்தா ஆகாதான்னு ஒருத்தி கேட்டா.

"கொக்கு உங்க ஆத்தாளா இருக்கும். எங்காத்தா காக்கா"ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா.

சனிக்கிழமை காலையில வெடிக்குத் துளை போடுற வேலை யாருக்கு வந்துச்சு? சிங்காரத்துக்கு. அவன் கோட்டை மாட்டிக்கிட்டு நின்னப்போ கெங்கம்மாவும் தலப்பா கட்டிக்கிட்டு வந்தா, கட்டைக் குடுத்த அன்னையிலேர்ந்து அவங்க ரெண்டு பேருக்குள்ள பேச்சு இல்லை. கீழ போனா அறுத்த கட்டை மட்டும் நிக்கிற வெறும் தாளடி, மேல வெயில், கொக்கு ஒரு மூலையில. கெங்கம்மா நேரா புத்துப் பக்கம் வரப்பு வளையிற எடத்துக்குப் போய் உக்காந்து, கையாலயே வரப்பைத் தோண்ட ஆரம்பிச்சா. ஏன்னா அவ ஏழை வீட்டுப் பொண்ணு, கழனி யாருதா இருந்தாலும் எலி வளையில இருக்குற நெல்லு ஏழைக்குத்தான்னு அவளுக்குத் தெரியும். கதிரை அறுக்குறதுக்கு முந்தியே எலி தன் பங்கை இழுத்துட்டுப் போய்ச் சேத்து வெச்சிருக்கும், எந்த ஊர்லயும் எந்த ஜமீனும் எலிகிட்ட மொத கட்டு வாங்கினதில்லை. முழங்கை வரைக்கும் உள்ள விட்டவ கையில கதிர் சிக்கிச்சு.

சிங்காரம் துளை போட்டுக்கிட்டிருந்தான். அவன் அடிக்கிற அடியில பாறை பொடியாகும்னு பேரு, அன்னைக்கு உளி மேல சுத்தியல் விழுந்துச்சா கொசு உக்காந்துச்சான்னே தெரியல, அவ்ளோ மெதுவா அடிச்சான். மொத துளையை அகலமாக்கி உரலாக்கிக் குடுத்தான், உளிக் கம்பியே உலக்கை. கெங்கம்மா குத்தினா, சுப்பன்னா உமியை ஊதினான். கழனித் தண்ணியிலயே தகர டப்பாவுல சோறு வெந்துச்சு. இருந்தவங்க எல்லாரும் தாளடியில நின்னு ஆளுக்கு ஒரு வாய் துன்னாங்க. ருசி எப்படின்னு அப்புறம் நாங்க கேட்டப்போ ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியல, சுப்பன்னா மட்டும் எங்க காட்டு வேர்க்கடலை மாதிரி இருந்துச்சுன்னான். கெங்கம்மா தன் பங்கை வாய்ல போட்டுக்கிட்டா. மெல்லல, முழுங்கல. ரெண்டு நாளா பட்டினி கிடந்தவ, புதுச்சோறு நாக்குல கிடக்குது, எச்சில் ஊறி வழியுது, கன்னத்தை உப்ப வெச்சுக்கிட்டு அப்படியே கூண்டுல ஏறி நின்னா. கூண்டு மேல வர்ற வரைக்கும் சிங்காரம் அவ தொண்டையையே பாத்துக்கிட்டிருந்தான். அது அசையல.

கேட்டுல கண்ணாடி துரை நின்னுக்கிட்டிருந்தாரு. ஒரு மணிகூட வெளிய போகக் கூடாதுன்னு அவரே வந்துட்டாரு. முன்ன போனவங்க வாயைத் தொறந்து காட்டிட்டுப் போனாங்க. கெங்கம்மா வந்து நின்னா. உப்பின கன்னத்தைப் பாத்ததும் பரசுராமன் ஓரக்கண்ணால துரையைப் பாத்தாரு.

"வாயைத் தொற... ப்பா"ன்னாரு.

அவ தலையை ஆட்டினா. முழுங்கினா அம்மா பட்டினி, தொறந்தா கம்பெனிக்கு. கண்ணுல தண்ணி கொட்டுது.

துரை கிட்ட வந்து என்னமோ கத்தினாரு. வாய்ல இருக்கிறது தங்கமான்னு கேக்குறார்னு ஆசீர்வாதம் மேஸ்திரி சொன்னாரு. பின்னாடி நின்ன சிங்காரம் முன்னால வந்தான். எந்த துரை முன்னாடியும் நிமிராத ஆளு அன்னைக்கு நிமிர்ந்து நின்னான்.

"தங்கம் இல்ல தொரை. சோறு."

யார் சோறுன்னு துரை கேட்டாரு.

"எங்க மாமியாருது."

மாமியார் எங்கேன்னு கேட்டாரு.

"செத்துட்டாங்க தொரை. பசியில."

ஆசீர்வாதம் அதை இங்கிலீஷ்ல சொன்னாரு. துரைக்குப் புரியல, புரிஞ்சாலும் சட்டம் சட்டம்தானே. தொறன்னு விரலால காட்டினாரு. கெங்கம்மா ஒரு தடவை மேல பாத்தா. குழி வாசலுக்கு மேல கூண்டுக் கயிறு சுத்துற பெரிய சக்கரம் இருக்கும், அதும் மேல எடது காலைத் தூக்கிக்கிட்டு ஒரு காக்கா உக்காந்திருந்துச்சு. அவ தலையை நல்லா அண்ணாந்து வாயைத் தொறந்தா.

காக்கா எறங்கி அவ தோள்ல உக்காந்துச்சு. தலையைச் சாய்ச்சு அவ மூஞ்சியைப் பாத்துச்சு. அப்புறம் அவ வாய்க்குள்ள மூக்கை விட்டு ஒவ்வொரு பருக்கையா எடுத்துத் துன்னுச்சு. அவசரமே படல, இத்தனை வருஷம் காத்திருந்ததுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆனா என்னங்கிற மாதிரி, பல்லிடுக்குல இருந்தது, நாக்குக்கு அடியில இருந்தது, எல்லாத்தையும் துன்னுச்சு. கெங்கம்மா கண்ணை மூடிக்கிட்டுக் கல்லு மாதிரி நின்னா. எங்க பொம்பளைங்க முந்தானையை வாயில வெச்சு அழுதாங்க, ஆம்பளைங்களும்தான். துரை கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு, மறுபடி மாட்டினாரு. காக்கா பறந்து லைன் பக்கம் போச்சு.

பரசுராமன் எட்டிப் பாத்தாரு, விரலை விட்டு நாக்குக்கு அடியிலயும் தடவிப் பாத்தாரு.

"வாய் காலி தொரை"ன்னு சத்தமா சொன்னாரு.

மேல வந்தது எதுவும் கம்பெனி சொத்து, ஆனா பிடிக்கிறதுக்கு அங்க எதுவும் இல்லை. துரை போகச் சொல்லிக் கையைக் காட்டினாரு. அன்னையிலேர்ந்து கேட்டு மேல காக்கா உக்காரக் கூடாதுன்னு கம்பெனி முள்ளுக் கம்பி கட்டிச்சு, அதுல காக்காங்க இன்னும் வசதியா கூடு கட்டிக்கிச்சு. அந்த நெல்லு லண்டன்ல சாடிக்குள்ள இருக்குன்னு சொல்றாங்க, கண்டுபிடிச்சவர் பேர்னு துரை பேர் எழுதியிருக்காம், இருந்துட்டுப் போகட்டும்.

கேட்டைத் தாண்டினதும் கெங்கம்மாவுக்குத் தலப்பா அவுந்து மயிர் சரிஞ்சு விழுந்துச்சு, அவ கவனிக்கல. அந்தச் சண்டைக்கப்புறம் மொத தடவையா புருஷன் பக்கம் திரும்பினா.

"சோறு துன்னுட்டுத் தண்ணி குடிக்காம போறாய்யா. விக்கிக்கப் போவுது. ஓடு, சொம்பு எடு."

ரெண்டு பேரும் லைனைப் பாத்து ஓடினாங்க. சிங்காரம் குழாயடியில எல்லாரையும் தள்ளிட்டுத் தண்ணி பிடிச்சான், கெங்கம்மா அதைத் தட்டுல ஊத்தித் தகரக் கூரை ஓரமா ரெண்டு கையாலயும் ஏந்திப் பிடிச்சா. காக்கா அங்கதான் இருந்துச்சு. அந்த நேரம் பாத்துத்தான் சங்கு ஊதி, கீழ வெடி வெடிச்சுது. தரை ஒரு ஆட்டு ஆடி, லைன்ல இருக்குற பானை சட்டி பூரா பரண்லேர்ந்து உருண்டு விழுந்துச்சு, புத்தும் போச்சு, வரப்பும் போச்சு, அந்தக் கொக்கு என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியல. கெங்கம்மா தட்டை விடல. தண்ணி நடுங்கி நடுங்கி அடங்குற வரைக்கும் காக்கா காத்திருந்துட்டு, அப்புறம் குனிஞ்சு குடிச்சுது.